வைக்கும் கல், விற்கும் கல்: விண்கல் சேகரிப்போர் இரண்டையும் சமாளிக்கும் முறை

விண்கல் சேகரிப்பவர்களில் பலர் ஒரு கட்டத்தில் விற்கவும் தொடங்குகிறார்கள். அடுத்த கல்லுக்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஹார்வி நைனிங்கர் கற்களை வெட்டி விற்றுத்தான் தன் தேடல் பயணங்களுக்குச் செலவழித்தார். 1958இல் தன் சேகரிப்பின் ஒரு பகுதியை பிரிட்டிஷ் மியூசியத்துக்கும், 1960இல் மீதியை அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் விற்றார். அவர் கையால் எண் எழுதிய துண்டுக்கு இன்று தனி மதிப்பு.

சிக்கல் விற்பதில் இல்லை, எதை விற்பது என்று தாமதமாக முடிவெடுப்பதில் இருக்கிறது. பணமுடை வந்த நாளில் அலமாரியைத் திறப்பவர், சீக்கிரம் போகக்கூடிய கல்லைத்தான் எடுப்பார். சீக்கிரம் போகக்கூடியதோ பெரும்பாலும் அவரிடம் இருப்பதிலேயே நல்ல கல்லாக இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு: விற்பதற்கென்று வாங்கிய ஒரு கிலோ கல் மீது ஆசை வந்து, ஒன்றும் வெளியே போகாமல், கைமுதல் முழுக்கப் பெட்டிக்குள் முடங்கிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கல் கைக்கு வந்த அன்றே அதன் வேலை என்னவென்று பதிவேட்டில் எழுதிவிடுங்கள்: ‘வை’, ‘வில்’ அல்லது ‘வெட்டு’. மூன்றுக்கும் தனித்தனிப் பெட்டி, பணத்துக்கும் தனிக் கணக்கு. ‘வில்’ பெட்டியிலிருந்து ‘வை’ பெட்டிக்கு ஒரு கல் மாறினால், அதன் அடக்கவிலையை உங்கள் சொந்தப் பையிலிருந்து வியாபாரக் கணக்குக்குக் கட்ட வேண்டும். இந்த ஒரு விதி இருந்தாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

பதிவேடு

விண்கல் வியாபாரத்தில் கல்லோடு சேர்ந்து கை மாறுவது அதன் வரலாறு. பெயரும் வந்த வழியும் தெரியாத சாதாரண காண்ட்ரைட் (காண்ட்ரூல் என்ற சிறு உருண்டைகள் கொண்ட, அதிகம் கிடைக்கும் வகை) வெறும் கறுப்புக் கல்தான்; அதே கல்லுக்குச் சீட்டு இருந்தால் அது ஓர் ஆய்வு மாதிரி. ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் இவற்றை எழுதுங்கள்: வரிசை எண், பெயர், வகை, வந்த நாள், கொடுத்தவர், வந்தபோது எடை, இப்போதைய எடை, அடக்கவிலை, வேலை (வை, வில், வெட்டு), கூட வந்த சீட்டுகள், போன நாள், வாங்கியவர். தாய்க்கல் 27 என்றால் அதிலிருந்து வெட்டி எடுத்த வில்லைகள் (தட்டையான மெல்லிய துண்டுகள்) 27-1, 27-2. விற்றுப்போன எண்ணை மறுபடி வேறு கல்லுக்குக் கொடுக்கக் கூடாது.

எடைக்கு 0.01 கிராம் காட்டும் தராசு போதும். ஒரு கிராமுக்குக் குறைந்த துணுக்குகளை விற்பதானால் 0.001 கிராம் காட்டுவது வேண்டும். ஆல்கஹாலில் ஊறிய கல்லை உலருமுன் எடைபோட்டால் எடை கூடுதலாகக் காட்டும், வாங்கியவர் வீட்டில் குறையும், பேச்சு வரும். நன்றாக உலர்ந்தபின் போட்ட எடையை மட்டும் எழுதுங்கள்.

கல்லின் மேலேயே எண் எழுத வேண்டுமானால் அருங்காட்சியக வழக்கமே சிறந்தது. பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்து, கண்ணில் படாத மூலையில் ஒரு சின்னப் பட்டை தடவி, உலர்ந்ததும் அதன் மேல் மையால் எண், அதற்கு மேல் மறுபடி ஒரு பூச்சு. தேவைப்பட்டால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். எரிந்த மேல்தோல் மீதும், 5 கிராமுக்குக் குறைந்த துண்டிலும் எழுதாதீர்கள்.

பழைய சீட்டு கூட வந்திருந்தால் அதைக் கல்லிலிருந்து பிரிக்கக் கூடாது. பழைய சேகரிப்பு எண் எழுதிய கல்லை வெட்டவும் கூடாது. ஏற்கெனவே வெட்டப்பட்டதாக இருந்தால் மூலச் சீட்டு பெரிய துண்டோடு போகும், மற்றவற்றுக்குப் படி எடுத்து ‘படி’ என்றே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடக்கவிலையும் சேதாரமும்

புதிதாக விற்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வாங்கிய விலையை எடையால் வகுத்து, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து விற்றால் லாபம் என்று நினைக்கிறார்கள். நகைக்கடையில் சேதாரம் என்பார்களே, அது இங்கே பல மடங்கு அதிகம்.

சதவீதத்தைத் தீர்மானிப்பவை வாளின் தடிப்பும் வில்லையின் தடிப்பும். வாள் 1 மி.மீ., வில்லை 3 மி.மீ. என்றால் ஒவ்வொரு 4 மி.மீ. கல்லிலும் 1 மி.மீ. தூளாகப் போகிறது, அதாவது கால் பங்கு. வில்லையை 2 மி.மீ. ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 0.4 மி.மீ. மெல்லிய வாளில் 3 மி.மீ. வில்லை வெட்டினால் சேதாரம் சுமார் 12 சதவீதம்தான். ஆனால் மெல்லிய வாள் உலோகம் நிறைந்த கல்லில் வளையும், வளைந்தால் வில்லை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வரும், அதைச் சமப்படுத்தத் தேய்க்கும்போது மிச்சப்படுத்தியது மறுபடி போய்விடும். எனவே மெல்லிய வாளை அழுத்தித் தள்ளாமல், கல் தன் எடையிலேயே இறங்கும்படி விட வேண்டும்.

இப்போது கணக்கு. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும்படி விலையை ‘அலகு’ என்றே சொல்கிறேன். 300 கிராம் கல், கிராமுக்கு 1 அலகு வீதம் 300 அலகு கொடுத்து வாங்கியது. அனுப்புகூலி, சுங்கம், வாள் தேய்மானம் எல்லாம் சேர்த்து 60. ஆக 360. கால் பங்கு சேதாரம் போக விற்கத் தகுந்தது 225 கிராம். அடக்கவிலை கிராமுக்கு 1.6. விற்கும் விலை 2.4 என்று வைத்து, விற்பனைத் தளக் கழிவும் பொதிச் செலவும் 12 சதவீதம் என்று கொண்டால் கையில் நிற்பது 2.11. போட்ட 360 திரும்பி வர ஏறக்குறைய 170 கிராம் விற்றாக வேண்டும். மிஞ்சும் 55 கிராம் உங்களுக்கு இலவசம் போல. இந்த 55 கிராமில்தான் சேகரிப்பும் விற்பனையும் கை கோத்துக்கொள்கின்றன.

ஆனால் எந்த வில்லை உங்களுடையது என்பதை வெட்டி முடித்த அன்றே, விற்பனைப் படம் எடுக்குமுன், தேர்ந்தெடுத்துப் பதிவேட்டில் ‘வை’ என்று எழுதிவிடுங்கள். கடைசியில் மிஞ்சுவதை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஓரத்தில் விரிசல் விட்ட வில்லைதான் மிஞ்சும். நல்லதை முதலில் எடுத்துக்கொள்வது வாங்குபவரை ஏமாற்றுவது ஆகாது. விற்பனைக்கு வைத்த பிறகு, விசாரணை வந்ததும் ‘அது போய்விட்டது’ என்று பின்வாங்குவதுதான் அசிங்கம்.

எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது? முழு மேல்தோலோடு இருக்கும் தனிக்கல், பறந்து வந்த திசை தெரியும்படி கூம்பாகத் தேய்ந்த கல், கட்டைவிரல் பதிந்தது போன்ற குழிகள் கொண்ட இரும்பு ஆகியவற்றைத் தொடாதீர்கள். ரஷ்யாவில் 1947 பிப்ரவரி 12 அன்று விழுந்த சிகோட்டே-அலின் இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அழகு முழுக்க வெளியே இருக்கிறது. இரும்பை வெட்டி அமிலம் பூசினால் தெரியும் படிகப் பட்டைகள் இதில் மிக அகலம் என்பதால் சின்னத் துண்டில் பார்க்க ஒன்றும் இருக்காது. மேல்பக்கம் காற்றாலும் மழையாலும் தேய்ந்து, உள்ளே காண்ட்ரூல்களோ பச்சை ஆலிவின் கனிமமோ பளிச்சென்று இருக்கும் பாலைவனக் கல்தான் வாளுக்கு உரியது.

வெட்டும்போது கெட்டுப்போவது

குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள குளோரைடு உலோகத் துணுக்குகளில் புகுந்தால் துரு பிறகு நிற்காது. காய்ச்சி வடித்த நீரில் துருத்தடுப்பான் கலந்து வெட்டலாம். எண்ணெயில் வெட்டினால் துரு இல்லை, ஆனால் நுண்துளை உள்ள கல் எண்ணெயைக் குடித்துக் கறுத்துப்போகும். ஆல்கஹாலைக் குளிர்விப்பியாக ஓட்டுவது இரும்பும் தீப்பொறியும் சந்திக்கும் இடத்தில் நெருப்பை அழைப்பது போல. மர்ச்சிசன் போன்ற சிஎம்2 வகைக் கரிமக் கற்களைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ வெட்டவே கூடாது. அவற்றின் கரிமப் பொருள்களும் கரையும் உப்புகளும்தான் அவற்றின் மதிப்பு. வீட்டு வாளில் அவை பொடிந்தும் போகும்.

வெட்டி முடித்ததும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு நாள், ஆல்கஹாலை மாற்றி இன்னொரு நாள் ஊறவிடுங்கள். எடுத்துத் திறந்த வெளியில் பல மணி நேரம் காய்ந்த பிறகே அடுப்புப் பெட்டியில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு உள்ளே வைத்தால் ஆவி சேர்ந்து தீப்பிடிக்கும். பிறகு 120, 220, 400, 600 எண் தேய்ப்புத்தாள்களால் அந்த வரிசையில் தேய்ப்பு. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் கீறல் முழுக்கப் போகும்வரை அடுத்ததற்குத் தாவாதீர்கள். மெருகில் தெரியும் கீறல்களில் பெரும்பாலானவை 120இல் அவசரப்பட்டவை.

இரும்பில் பட்டைக்கோலம் வரவழைக்க 95 மி.லி. எத்தில் ஆல்கஹாலில் 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்ட கரைசல் போதும். அமிலத்தை ஆல்கஹாலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மூடிய புட்டியில் சேமிக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். அன்றைக்கு வேண்டியதை அன்றன்று கலந்து, காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து பயன்படுத்துங்கள். 600 வரை தேய்த்த பரப்பில் மென்தூரிகையால் தடவிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் கோலம் எழும். உடனே சமையல் சோடாக் கரைசலில் பத்து நிமிடம், காய்ச்சி வடித்த நீரில் அலசல், ஆல்கஹாலில் இரண்டு முறை ஊறல், காற்றில் உலர்த்தல், வெதுவெதுப்பாக்கல், சூடு ஆறுமுன் நுண்படிக மெழுகு. சோடாவைத் தவிர்த்தவர்களின் வில்லையில் ஒரு மாதத்தில் பட்டைகளின் ஓரமாகப் பழுப்புக் கோடு ஓடும்.

எந்த இரும்பைச் சின்ன வில்லைகளாக்குவது என்பதற்குப் பட்டை அகலம்தான் வழிகாட்டி. மியூனியோனாலுஸ்டாவின் பட்டைகள் 0.3 மி.மீ. அளவில் இருப்பதால் 2 செ.மீ. துண்டிலும் கோலம் நிறைந்து தெரியும். காம்போ டெல் சியலோவில் பட்டை 3 மி.மீ. அளவு, அதே 2 செ.மீ. துண்டில் சில கோடுகள்தான். ஆனால் மியூனியோனாலுஸ்டா துருவுக்குப் பேர்போனது. அழகுக்கும் ஆயுளுக்கும் இப்படி ஒரு பேரம் எல்லா இரும்பிலும் நடந்துகொண்டே இருக்கிறது.

துரு என்பது சரக்குச் செலவு

சேகரிப்பில் பத்து இரும்புகள் இருந்தால் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். விற்பனைச் சரக்காக இருநூறு வில்லைகள் இருந்தால் அதுவே தனி வேலை. துருவுக்கு அடிப்படைக் காரணம் மண்ணிலிருந்து புகுந்த குளோரின். அது அகாகனைட் என்ற துருக்கனிமத்தில் ஒளிந்துகொண்டு, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் புது இரும்பைத் தின்னும். மேலே பழுப்புத் துளிகள் வியர்வை போலத் தெரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். துடைத்து எண்ணெய் பூசி விற்றுவிடுவது சில மாதங்களில் திரும்பி வரும் சரக்கு.

சாதாரணக் கற்களுக்கு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும். ஒருமுறை துருத்த இரும்புக்கு 20க்கும் கீழே கொண்டுபோக வேண்டும். இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பா, உள்ளே ஈரப்பதமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். பிவிசி உறைகளும் ஓக் மரப் பெட்டிகளும் அழகாக இருக்கும், ஆனால் முன்னது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியையும் பின்னது அசெட்டிக் அமில ஆவியையும் விடும். இரண்டுமே இரும்புக்கு எமன்.

துருக்கும் பெயர் எடுத்த அட்மைர், பிரஹின் பல்லசைட்டுகளையும் (இரும்புக்குள் ஆலிவின் படிகங்கள் பதிந்த கற்கள்) நான்டன் இரும்பையும் சரக்காக அதிகம் வாங்கிக் குவிக்காதீர்கள். இமிலாக், செய்ம்சான் போன்றவை பொறுமையாகக் காத்திருக்கும். பல்லசைட்டில் துரு வந்தால் ஆலிவின் படிகங்கள் உதிர்ந்து வில்லை சல்லடையாகிவிடும், அதை மீட்க வழியில்லை.

பெயர் சொல்லி விற்பது

ஒரு விண்கல்லுக்கு அதிகாரபூர்வப் பெயர் தருவது மீட்டியரிட்டிக்கல் சொசைட்டியின் பெயரிடல் குழு. அதற்காக ஆய்வு நிறுவனம் ஒன்றில் 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது, மூல மாதிரியாக வைக்கப்பட வேண்டும். 400 கிராம் கல்லுக்கு 20 கிராம் போனால் வலிக்காது. 60 கிராம் கல்லில் 12 கிராம் போவது ஐந்தில் ஒன்று. அந்த எடையையும் அடக்கவிலைக் கணக்கில் கழிக்க மறந்துவிடுகிறார்கள். சாதாரண எச் (இரும்பு கூடியது) அல்லது எல் (இரும்பு குறைந்தது) காண்ட்ரைட்டை வகைப்படுத்தி வாங்கினாலும் விலை அந்த அளவுக்கு ஏறுவது அரிது. ஆய்வாளர்களின் நேரமும் வரிசையில் காத்திருப்பும் வேறு. காண்ட்ரூல் இல்லாத கல், வழக்கத்துக்கு மாறான நிறம், உலோகமே இல்லாத உள்பரப்பு போன்றவை தெரிந்தால் மட்டும் அனுப்புங்கள்.

வடமேற்கு ஆப்பிரிக்கக் கற்களில் ஒரு பழைய நோய் உண்டு. ‘என்டபிள்யூஏ’ (வடமேற்கு ஆப்பிரிக்கா என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எண் என்பது ஆய்வுக்குப் போன அந்தக் கல்லுக்கு அல்லது அந்தக் குவியலுக்கு மட்டும் உரியது. அதே போலத் தோற்றமளிக்கும், அதே ஊரிலிருந்து வந்த இன்னொரு கல்லுக்கு அந்த எண்ணை நீங்களாக ஒட்டிக்கொள்ள முடியாது. ‘வகைப்படுத்தப்படாதது, இன்ன எண்ணுடைய கல்லைப் போன்றது என்று கொடுத்தவர் சொன்னார்’ என்று எழுதுவது நேர்மை. விலை குறையும், ஆனால் உங்கள் பெயர் குறையாது. டன் கணக்கில் கிடைத்த என்டபிள்யூஏ 869 பெயரில் வேறு கற்கள் கலந்து சுற்றுவதற்கு இந்தச் சோம்பல்தான் காரணம்.

வாங்கும்போது பரிசோதிக்கக் காந்தத்தைத் தேய்க்காதீர்கள். பலமான நியோடிமியம் காந்தம் கல்லின் பழைய காந்தப் பதிவை அழித்துவிடும். செவ்வாயிலிருந்து வந்த என்டபிள்யூஏ 7034 போன்ற கற்களில் இது பெரிய இழப்பு. ஒரு மூலையைத் தேய்த்துச் சின்னச் சன்னல் திறந்தால் உலோகத் துணுக்குகள் பளபளப்பது தெரியும். இரும்பானால் டைமெத்தில்கிளையாக்சிம் பஞ்சு வைத்துப் பாருங்கள், நிக்கல் இருந்தால் இளஞ்சிவப்பாகும். ஆனால் நிக்கல் கலந்த தொழிற்சாலை எஃகும் சிவக்கும் என்பதை மறக்கக் கூடாது. காற்றுக்குமிழி தெரியும் கறுப்புக் கல் பெரும்பாலும் உலைக்கசடு.

எப்போது வாங்குவது, எப்போது விடுவது

புதிதாக விழுந்த கல்லின் விலை முதல் வாரங்களில் உச்சியில் இருக்கும். தேடுபவர்கள் கூடக்கூட எடை சேரும், விலை இறங்கும். எல்லாம் பொறுக்கி முடிந்து, சேகரிப்புகளுக்குள் போய் மறைந்ததும் மெதுவாக மறுபடி ஏறும். 2013 பிப்ரவரி 15 அன்று விழுந்த செல்யாபின்ஸ்க் போல ஆயிரக்கணக்கில் துண்டுகள் கிடைக்கும் பொழிவில் இந்த இறக்கம் நீண்டது. சில கிலோ மட்டுமே கிடைத்த பொழிவில் இறக்கமே வராமலும் போகலாம். ஆகவே புதுப் பொழிவில் ‘வை’ பெட்டிக்கு ஒரே ஒரு சின்னத் துண்டு வாங்குவது சரி. ‘வில்’ பெட்டிக்கு அந்த விலையில் வாங்குவது சூதாட்டம். ஒரு விதிவிலக்கு உண்டு. கரிமக் கற்களில் மழைக்கு முன் பொறுக்கியவை பின்னால் எத்தனை கிலோ கிடைத்தாலும் தனித்து நிற்கும். கோஸ்டாரிகாவில் 2019 ஏப்ரல் 23இல் விழுந்த அகுவாஸ் சர்காஸில் சுமார் 11 கிலோ மட்டுமே மழைக்கு முன் கிடைத்தது. அதற்குச் சான்று வேண்டும். பொறுக்கிய நாள் எழுதாத கல்லை மழைக்கு முந்தையது என்று விற்க முடியாது.

மொத்தம் தெரிந்த எடை, வகை, விழுவதைப் பார்த்ததா பின்னால் கண்டெடுத்ததா, மேல்தோல், பின்கதை ஆகியவை விலையைத் தீர்மானிக்கின்றன. பின்கதையைக் குறைத்து மதிக்க வேண்டாம். 1992 அக்டோபர் 9இல் ஒரு காரின் மேல் விழுந்த பீக்ஸ்கில் கல் வகையில் சாதாரண காண்ட்ரைட்தான். காரில் விழுந்ததால்தான் அது பீக்ஸ்கில்.

சேகரிப்பிலிருந்தே எடுத்து விற்க நேர்ந்தால் முறை வேண்டும். ‘வை’ பெட்டியில் உள்ளதையெல்லாம் வரிசைப்படுத்திப் பட்டியலின் அடியிலிருந்து எடுங்கள். ஒரே விண்கல்லின் இரண்டு துண்டு இருந்தால் சிறியது முதலில். மேலான துண்டு வாங்கப் பழையதை விற்பதானால், புதியது கையில் வந்து எடை பார்த்த பிறகே பழையதை விளம்பரப்படுத்துங்கள். பணம் கொடுத்தும் கல் வராமல், இருந்ததும் போய் நிற்பவர்கள் உண்டு. மறுபடி கிடைக்காது என்று தெரிந்ததை ஆறு மாதம் தனியே வைத்துப் பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரு முறையாவது எடுத்துப் பார்க்கத் தோன்றியிருந்தால் விற்காதீர்கள். மாற்றிக்கொள்ளும்போது இரு பக்கமும் விற்கும் விலையிலேயே பேச வேண்டும். ஒருவர் அடக்கவிலையிலும் மற்றவர் விற்பனை விலையிலும் பேசினால் நட்பு கெடும்.

சட்டம்

விற்பனைக்கு வந்ததும் சட்டம் மாறுகிறது என்பதை சேகரிப்பவர்கள் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் நிலத்தில் ஒருவர் ஆண்டுக்கு 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரைக் கிலோ வரை சொந்தச் சேகரிப்புக்குப் பொறுக்கலாம். அதை விற்க முடியாது, விற்பதற்குப் பொறுக்குவதானால் தனி அனுமதி வேண்டும். நமீபியாவில் கிபியான் இரும்பு பாதுகாக்கப்பட்டது, ஏற்றுமதி தடை. அர்ஜென்டினா 2007 முதல் விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்தாகக் கருதுகிறது, காம்போ டெல் சியலோ வாங்கும்போது அது எப்போது வெளியே வந்தது என்ற தாள் கேளுங்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அங்கே கிடைத்த கல்லை வெளியே அனுப்ப அனுமதி வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1999ஆம் ஆண்டு மரபுச் சட்டம் காக்கிறது. டென்மார்க்கில் கிடைத்தது அரசுக்கே. இந்தியாவில் விழும் கற்களைப் பெற்றுப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் உள்ளது. தாள் இல்லாத கல் ‘வை’ பெட்டியில் சும்மா கிடந்தாலும் சங்கடம்தான், ‘வில்’ பெட்டியில் வந்தால் அந்தச் சங்கடத்தை இன்னொருவர் தலையில் கட்டுகிறீர்கள்.

படமும் பொதியும்

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும், ஓரமும், பக்கத்தில் 1 செ.மீ. கனசதுரத்தோடு படம். நனைத்து எடுத்தால் நிறம் ஏறித் தெரியும், வாங்கியவர் உலர்ந்ததைப் பார்த்து ஏமாறுவார். விரிசல், துருப்புள்ளி, ஒட்டிய இடம் ஆகியவற்றுக்குத் தனிப் படம் எடுத்து முதலிலேயே காட்டுங்கள். விவரத்தில் அதிகாரபூர்வப் பெயர், வகை, எடை, அளவு, பூச்சு என்ன, யார் வழியாக வந்தது ஆகியவை இருக்க வேண்டும்.

பொதியில் வில்லை பாலிஎத்திலீன் பையில், சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே, ஆடாமல். 2 மி.மீ. வில்லை உதிரியாக டப்பாவில் ஆடினால் ஓரம் உதிர்ந்து போய்ச் சேரும். சீட்டு தனிப் பையில், கல்லோடு உரசாமல். சுங்கத் தாளில் உண்மையான விலையும் ‘விண்கல் மாதிரி’ என்ற விவரமும் எழுதுங்கள். குறைத்து எழுதினால் தொலைந்த அன்று காப்பீடும் அந்த விலைக்குத்தான் கிடைக்கும். சீட்டில் உங்கள் பதிவேட்டு எண்ணையும் போடுங்கள்: பத்து ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் தாய்க்கல் வரை பதில் சொல்ல முடியும். பொய்க்கல் என்று நிரூபணமானால் எத்தனை ஆண்டானாலும் பணம் திரும்பத் தருவேன் என்ற வாக்கையும் எழுத்தில் தாருங்கள். சர்வதேச விண்கல் சேகரிப்பாளர் சங்கமான ஐஎம்சிஏவும் தன் உறுப்பினர்களிடம் நம்பகத்தன்மையைத்தான் முதலில் எதிர்பார்க்கிறது.

ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி, தராசை எடுத்துவைத்து, மூன்று பெட்டிகளையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ‘வில்’ பெட்டியில் இரண்டு ஆண்டாக நகராத கல்லுக்கு விலை குறைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பள்ளிக்கோ கல்லூரிக்கோ கொடுத்துவிடலாம். அடக்கவிலைக்கே போகட்டும், பெட்டியில் கிடந்து துருப்பதை விட மேல். அதே நாளில் பதிவேட்டின் ஒரு படியை அச்செடுத்து, எந்தப் பெட்டி விற்பனைக்கு உரியது, எது எந்த அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி, வீட்டாருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். சீட்டு பிரிந்து கற்கள் அநாதையாவது பெரும்பாலும் சேகரிப்பவர் இல்லாதபோது, வீடு ஒழிக்கும் அவசரத்தில்தான்.